கழுவின பாத்திரத்தை எங்கே கவிழ்ப்பது?

தாராபுரம் பக்கம், வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காட்டில் இருக்கிறது அந்தத் தோட்டத்துச் சாளை. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் சோளத்தட்டு, மீதி கொழுக்கட்டைப் புல் முளைத்துக் கிடக்கும் கொறங்காடு. இருந்தாலும் மாதா மாதம் கைக்குக் காசு வருவது 3 கறவை மாடுகளால்தான். மாடுகள் மாமியாருடையவை. கறப்பதும், பால் கேன், வாளி கழுவுவதும் அவர் பொறுப்பு. சமையலும் வீட்டுப் பாத்திரமும் மருமகள் பொறுப்பு. காலையில் கறக்கும் பாலில் 8 லிட்டரை மகன் பைக்கில் எடுத்துப்போய் டவுனில் 7 வீடுகளுக்கு ஊற்றுவார். லிட்டர் 50 ரூபாய். மிச்சமும் சாயங்காலப் பாலும் சங்கத்துக்குப் போகும். வீட்டுக்கு ஊற்றுகிற அந்தப் பால் பணத்தை மாமியார் தனியாக எடுத்து வைப்பார். பேத்தியின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான்.

போன ஆடி மாதம் ஒருநாள் மகன் வெறும் முகத்தோடு திரும்பினார். "டீச்சர் வீட்டுல பால் திரிஞ்சு போச்சாமா. ரெண்டாவது தடவை."

அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் அதே பேச்சு. விசாரித்தபோது ஒன்று தெரிந்தது. பால் கைக்கு வந்ததும் அடுப்பில் வைத்த வீடுகளில் ஒரு குறையும் இல்லை. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் 10 மணிக்கு மேல் காய்ச்சின வீடுகளில்தான் திரிந்தது. டீச்சர் வீட்டில் பாலை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு வீடும் நின்றது. நாளைக்கு 3 லிட்டர் போனது, 150 ரூபாய். பணத்தைவிட, 9 வருஷமாக ஒரு சொல் கேட்காமல் ஊற்றிய பாலுக்கு இப்படி ஒரு பேர் வந்ததே என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் உறுத்தியது.

தீவனத்தைச் சந்தேகப்பட்டார்கள். புது தவிட்டு மூட்டையை மாற்றினார்கள். மடிநோயாக இருக்குமோ என்று பயந்தார்கள். மாமியார் மட்டும் வேறு பேச்சு பேசினார். "எனக்கும் வயசாயிப்போச்சு. ரெண்டு மாட்டை வித்துப்போடலாம் தம்பி. ஒண்ணு இருந்தா வீட்டுக்குப் போதும்."

மாட்டை விற்கலாம் என்று அவர் வாயிலிருந்து வந்ததை வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. மனம் உடைந்து சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூங்கில் தட்டி போய், மூன்று ஸ்டாண்டு

அந்த வீட்டின் பாத்திரக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

பழைய ஓட்டு வீட்டில் ஸ்டாண்டு என்ற பேச்சே கிடையாது. பொடக்காலியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாலு கல்லுக்கால் நட்டு, மேலே மூங்கில் தப்பை வைத்துக் கட்டிய ஒரு தட்டி. இடுப்பு உயரம் இருக்கும். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு விளக்கி, அலசி, அதன்மேல் கவிழ்த்தால் சொட்டுகிற தண்ணீர் கீழே வாழைக்கும் சேம்புக்கும் போகும். மீதியை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். மத்தியானத்துக்குள் பால் வாளி உலர்ந்து, தொட்டால் சுடும்.

4 வருஷத்துக்கு முன்னால் கான்கிரீட் வீடு கட்டினார்கள். சமையலறைக்குள்ளேயே சிங்க், கிரானைட் மேடை. பழைய இடத்தில் மோட்டார் ரூம் வந்தது. தட்டி போய்விட்டது. பாத்திரம் கவிழ்க்க என்ன வாங்குவது என்ற கேள்வி மருமகளிடம் வந்தது.

முதலில் வாங்கியது பிளாஸ்டிக் கூடை, அடியில் ஒரு தட்டோடு. 350 ரூபாய். கடையில் பார்க்க அடக்கமாக இருந்தது. ஒரு மாதத்தில் அதன் குணம் தெரிந்தது. சொட்டுகிற தண்ணீர் எல்லாம் அடித்தட்டில் தேங்கும். தினமும் எடுத்துக் கொட்டாவிட்டால் வழவழவென்று பாசி பிடிக்கும். தேங்கிய தெளிந்த தண்ணீர்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர் வந்து டயரையும் தேங்காய் ஓட்டையும் பார்த்துவிட்டுப் போனார். கொசு சமையல் மேடையிலேயே வளர்ந்தது!

இரண்டாவது, வெள்ளை பிளாஸ்டிக் பூச்சு போட்ட கம்பி ஸ்டாண்டு. 700 ரூபாய். அந்தத் தோட்டத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பாத்திரத்தைத் துடைக்காமல் விட்டால் வெள்ளை வெள்ளையாகப் படியும். பூச்சு கம்பியின் முனையில்தான் முதலில் விடும். அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்தால், மேலே வெள்ளையாக இருக்கும்போதே உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கும். 8 மாதத்தில் தட்டுகளின் விளிம்பில் பழுப்புக் கறை தெரிந்தது. ஸ்டாண்டு பழைய இரும்புக்காரனிடம் போனது.

மூன்றாவதாக வாங்கியதுதான் எவர்சில்வர் ஸ்டாண்டு. சுவரில் மாட்டுவது, இரண்டு தட்டு. தட்டுகளைச் செருக வரிசை, டம்ளருக்குக் கொக்கி, கரண்டிக்குக் கூடு. 1,850 ரூபாய். கடைக்காரர் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை என்று காட்டினார். சிங்குக்கு நேர் மேலே மாட்டினால் சொட்டு சிங்கிலேயே விழும் என்பதால், ஜன்னல் மறையாமல் உயரத்தில் மாட்டினார்கள். ஆசாரி, "எங்க வைக்கட்டுமுங்க?" என்று கேட்டபோது மருமகள் கையைத் தூக்கி, தனக்கு வாகான இடத்தைக் காட்டினார். அங்கே அடையாளம் போட்டு, துளை போட்டு, மாட்டியாயிற்று. மேல்தட்டு கேன், வாளி, குண்டாவுக்கு. கீழ்த்தட்டு வட்டலுக்கும் டம்ளருக்கும்.

சமையலறைக்கு அழகு வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் விலை கேட்டார்கள். ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை.

டாக்டர் முகர்ந்து பார்த்தது

பால் திரிந்த விஷயத்துக்கு கால்நடை மருத்துவர் வந்தார். நாலு காம்பிலும் தனித்தனியாகப் பால் எடுத்து, மருந்து கலந்து சுழற்றிப் பார்த்தார். மடிநோய் இருந்தால் பால் கூழ் மாதிரி கெட்டிப்படும். 3 மாட்டுக்கும் பால் தெளிவாகவே இருந்தது.

"மாட்டுல ஒண்ணும் இல்லம்மா. பால் கேனைக் கொண்டாங்க."

மூடியிருந்த கேனைத் திறந்து மூக்கருகே வைத்தார். பிறகு மருமகளிடம் நீட்டினார். லேசான புளிச்ச வாடை. கழுவின கேன்தான். வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவினால் அடியில் ஈரம்.

"எப்படிக் கழுவறீங்க?"

மாமியார் சொன்னார். சுடுதண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, துணியால் துடைத்து வைப்பதாக. மருத்துவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். எடுத்தவுடன் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது. பாலில் உள்ள புரதம் வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைச் சோடா கலந்து பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். விளிம்பு, கைப்பிடி ஒட்டு, மூடியின் ரப்பர் எல்லாம் தேய்க்க வேண்டும். மறுபடி அலசி, கடைசியாகக் கொதிக்கிற தண்ணீர். துணி போட்டுத் துடைக்கவே கூடாது. அடுப்படித் துணியில் இருக்கும் கிருமி பூராவும் கேனுக்குள் போய்விடும். கொதிநீரில் அலசின சூட்டிலேயே, காற்றுப் போகிற இடத்தில் கவிழ்த்து வைத்தால் தானாகக் காய்ந்துவிடும்.

கணக்கும் சொன்னார். ஈரத்தில் மிச்சமிருக்கும் கிருமி, வெதுவெதுப்பான பாலில் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மடங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 5 மணிக்குக் கறந்த பாலில் 10 மணிக்குள் ஒன்று ஆயிரத்தைத் தாண்டும். உடனே காய்ச்சின வீட்டில் தப்பித்ததும், தாமதமாகக் காய்ச்சின வீட்டில் திரிந்ததும் இதனால்தான்.

"சரி, கழுவினதை எங்க கவுத்து வைக்கறீங்க?"

"அதோ, ஸ்டாண்டுல" என்று மருமகள் பெருமையாகவே காட்டினார். காட்டின கை அப்படியே நின்றது. மேல்தட்டில் ஒரு பழைய குண்டாவும் கண்ணாடி ஜாடியும் இருந்தன. தூசி படிந்திருந்தது. பால் வாளியும் மற்ற கேனும் கிரானைட் மேடையின் மூலையில், கல்லோடு கல்லாகக் கவிழ்ந்து கிடந்தன. தூக்கினால், வட்டமாகத் தண்ணீர் கோடு. கவிழ்த்த கேனுக்குள் காற்றுப் போக வழியே இல்லை. ராத்திரி முழுக்க அந்த ஈரமும் வெதுவெதுப்பும் உள்ளேயே அடைந்து கிடந்திருக்கிறது.

சொல்லாத வலி

மருத்துவர் போன பிறகு மருமகள் கேட்டார். "ஏனுங்கத்தை, ஸ்டாண்டுல வைக்கறதில்லீங்களா?"

"மறந்துபோச்சு அம்மிணி."

"எத்தனை நாளாங்க?"

மாமியார் பதில் சொல்லவில்லை. மருமகள் ஒரு கேனை அவர் கையில் கொடுத்து, மேலே வைக்கச் சொன்னார். வலது கை தோள் மட்டத்துக்கு வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. முகம் சுருங்கியது. இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "வேண்டாங்கண்ணு" என்றார்.

சித்திரையிலிருந்தே தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. தலை சீவ முடியாமல் இடது கையால் சீவிக்கொண்டிருக்கிறார். ரவிக்கை போடவே சிரமம். கறப்பதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை, அதனால் அது ஓடிவிட்டது. கேனைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பதுதான் முடியவில்லை. சொன்னால் மாட்டை விற்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. கடைசியில், பால் கெட்டுப்போகிறதே என்ற வேதனையில் அவரே மாட்டை விற்கச் சொன்னார்.

மருமகளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஸ்டாண்டு வாங்க மூன்று தடவை கடை கடையாக ஏறி இறங்கியவர் அவர். கம்பி பார்த்தார், விலை பார்த்தார், காந்தம் பார்த்தார். மாட்டும்போது தன் கையைத் தூக்கிக் காட்டினார். அந்த ஸ்டாண்டை தினமும் இரண்டு வேளை தொட வேண்டியவர் தன்னைவிட அரை அடி குட்டை என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. வலி பிறகு வந்ததுதான். ஆனால் வலி வரும் முன்பும் அத்தை நுனிக்காலில் எம்பித்தான் வைத்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தோள் மூட்டு இறுகிப்போயிருப்பதாக டாக்டர் சொன்னார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்தால் மெதுவாகச் சரியாகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

அதே ஸ்டாண்டு, வேறு உயரம்

நாலாவது ஸ்டாண்டு வாங்கவில்லை. இருந்ததையே கழற்றினார்கள். இந்தத் தடவை ஆசாரி கேட்டபோது மருமகள், மாமியாரைச் சிங்குக்கு முன்னால் நிற்கச் சொன்னார். முழங்கையை மடக்கி, கையை முன்னால் நீட்டச் சொன்னார். சிங்குக்குப் பக்கத்துச் சுவரில், மேடையை ஒட்டி, அந்த உயரத்துக்குக் கீழ்த்தட்டு வருகிற மாதிரி அடையாளம் போட்டார்கள். மேல்தட்டு மருமகளுக்கு. சிங்க் இருக்கிற பக்கம் அரை இன்ச் தாழ்வாகச் சாய்த்து மாட்டியதால், சொட்டுத் தண்ணீர் கல்லில் தேங்காமல் சிங்குக்கு ஓடிவிடுகிறது. மாட்டும் முன் ஒருநாள் பாத்திரத்தை எல்லாம் தவிட்டுத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். 17 கிலோ! பழைய சின்ன ஸ்குருவைப் போட்டுவிட்டு, நீளமான ஆணியும் கெட்டியான பிளக்கும் போடச் சொன்னார்கள்.

கேனுக்கும் வாளிக்கும் தனி இடம் வேண்டும் என்று முடிவானது. பின்பக்கத் திண்ணையில் கிரில் போட்டு, கோழியும் பூனையும் புகாமல் வலை அடித்திருக்கிறார்கள். கிழக்கு பார்த்த இடம். காலை வெயில் விழும், ராத்திரி காற்றுப் போகும். டவுனில் உள்ள வெல்டிங் பட்டறையில் சொல்லி, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வருகிற உயரத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். மேலே குறுக்குக் கம்பிகள், கம்பிக்குக் கம்பி ஒன்றரை இன்ச் இடைவெளி. கேனைச் சாய்த்து, வாய் கீழே பார்க்கக் கவிழ்க்க வேண்டியதுதான். வாய்க்குக் கீழே ஒன்றும் அடைப்பதில்லை. மூடியை மாட்டத் தனியாக இரண்டு கொக்கி. கூலியோடு 1,400 ரூபாய்.

பட்டறைக்காரர்தான் காந்தக் கதையை உடைத்தார். "காந்தம் ஒட்டலீன்னா 304-ன்னு நினைச்சுக்கறாங்க. 202-லயும் ஒட்டாதுங்க." 304 என்கிற ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவிகிதம், நிக்கல் 8 சதவிகிதம். 202 ரகத்தில் விலையுள்ள நிக்கலைக் குறைத்து, மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. நல்ல தண்ணீர் ஊரில் பெரிய வித்தியாசம் தெரியாது. உப்புத் தண்ணீரில், முதலில் வெல்டிங் வைத்த இடத்தில் பழுப்புப் புள்ளி விழும். வீட்டு ஸ்டாண்டைத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கொக்கி சேருகிற இடத்தில் நாலைந்து புள்ளி இருந்தது. எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்வதுதான் வழி. எழுதித் தரத் தயங்குகிற கடையில், சொல்கிற விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இருந்த ஸ்டாண்டைத் தூக்கிப் போடவில்லை. வாரம் ஒருமுறை புளித் தண்ணீரில் துடைத்தால் உப்புப் படிவு கரைகிறது. துடைத்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். புளிப்பை அப்படியே காயவிட்டால் அதுவே கம்பிக்குக் கெடுதல்.

பாலை 15 நாள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். காலைப் பாலில் ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்து, 11 மணிக்குக் காய்ச்சுவார்கள். ஒருநாளும் திரியவில்லை. அதன் பிறகுதான் மகன் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். 4 நாள் பாலைக் காசில்லாமல் கொடுத்தார். டீச்சர் வீட்டில் மறுபடி வாங்குகிறார்கள். இன்னொரு வீட்டில் வேறு ஆளிடம் வாங்கப் பழகிவிட்டார்கள். அந்த ஒன்றரை லிட்டர் போனது போனதுதான்.

மாட்டை விற்கிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. மாமியார் காலையில் சுவரில் விரலை வைத்து, ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக மேலே நகர்த்திப் பயிற்சி செய்கிறார். நேற்று எட்டின இடத்தில் பேத்தி பென்சிலால் கோடு போட்டு வைக்கிறாள்.

தை மாதம் மருமகளின் தங்கை உடுமலையிலிருந்து போன் செய்தாள். புது வீடு கட்டுகிறார்கள். "அக்கா, சுவர்ல மாட்டறதா, மேடையில வைக்கறதா? எந்த ஸ்டாண்டு வாங்கறது?"

"முதல்ல ஒண்ணு சொல்லு. உங்க வீட்டுல பாத்திரம் கழுவறது யாரு?"

"எங்க மாமியாரும் நானும்தான்."

"அப்ப கடைக்கு அப்புறம் போவியாமா. இன்னிக்கு ராத்திரி உங்க அத்தையைச் சிங்குக்கு முன்னால நிக்க வை. கை எதுவரைக்கும் சிரமமில்லாம போகுதுன்னு சுவர்ல கோடு போடு. கோட்டுக்கு மேல கனமான பாத்திரம் எதுவும் வரக்கூடாது. ஒரு நேரத்துக் கழுவின பாத்திரத்தை எல்லாம் மேடையில பரப்பி, நீளத்தை அளந்துக்க. பெரிய குண்டாவோட உயரத்தையும் அளந்துக்க. அடியில தட்டு வெச்சதா இருந்தா, தண்ணி போக ஓட்டை இருக்கான்னு பாரு. கம்பி இடைவெளி உங்க வீட்டுச் சின்ன டம்ளர் விழாத அளவுக்கு இருக்கட்டும். உங்க தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?"

"உப்புதான்."

"அப்ப பூச்சு போட்ட கம்பி வேண்டாம். பில்லுல ரகம் எழுதி வாங்கு. கவுத்து வெச்சா அடியில காத்துப் போகணும், அதை மட்டும் மறந்துடாத."

தங்கை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். கடைசியில் கேட்டாள். "எங்க அத்தைக்குத் தோள் வலியெல்லாம் இல்லக்கா. இருந்தாலும் கேக்கணுமா?"

"கேளு. கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. அதனாலதான் கோடு போடச் சொல்றேன்."